நீல டிரம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

தொழிற்சாலைகள் கழிக்கும் ரசாயன டிரம்களைக் கழுவி விற்கிறேனே, அதில் ஒரு சின்னச் சிக்கல். வாங்கியவர் ஒருவர் திருப்பிக் கொண்டுவந்து, "அண்ணே, இதுல பிடிச்ச தண்ணிய நீங்க குடிப்பீங்களா?" என்றார். விசாரித்தேன், எத்தனை தடவை கழுவினாலும் ரசாயனம் பிளாஸ்டிக்கை விட்டுப் போகாதாம். கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் விட்டவன் நான்தானே.

உனக்கு அனுப்பிய நீல டிரம்மில் இனிக் குடிதண்ணீர் பிடிக்காதே. யாருக்கும் கொடுத்தும்விடாதே, அடியில் ஓட்டை போட்டுவிடு. பிள்ளைகளை ஒருமுறை டாக்டரிடம் காட்டு, பயப்பட ஒன்றுமில்லை. இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து, உங்களுக்கென்று என் கையாலேயே கழுவியது அது.

மிச்ச டிரம்களை நொறுக்க எடுத்துப்போகும் லாரி வந்துவிட்டது. ஓட்டை போட்டதும் ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்