முப்பத்தொண்ணு அண்ணாச்சி

1948 அக்டோபர் 4, திங்கள்

இன்று ஒரே சிரிப்பு. காலையில் டெலிபோன் பலகையில், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று காட்டுகிற மூடி டக்கென்று விழுந்தது. வயரைச் செருகி, "நம்பர் பிளீஸ்" என்றேன்.

"அண்ணாச்சிக்குப் போடு தாயி."

எந்த அண்ணாச்சி? தூத்துக்குடியில் கடை வைத்தவரெல்லாம் அண்ணாச்சிதான்!

"அதாம்மா, எப்பவும் இருமிக்கிட்டே இருப்பாரே, அவருக்கு."

இருமுகிறவருக்கே போட்டேன். எடுத்ததுமே இருமினார்!

இந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கிடைக்கிற சந்தோஷம் வேறு எங்கே கிடைக்கும்? ஊரே என் கையில் இருக்கிற வயரில் தொங்குகிறது. ஆனால் வேலை இன்னும் தற்காலிகம்தான். சூப்பர்வைசர் சங்கரபாண்டியன் சார் வருஷக் கடைசியில் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் அப்பா பார்த்து வைத்திருக்கிற சாத்தான்குளத்து மாப்பிள்ளை. பொண்ணு வீட்டோடு இருக்கணுமாம். அட போங்கய்யா!

அக்டோபர் 13

செத்தேன்.

கப்பல் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து, "தாணுலிங்கம் அண்ணாச்சிக்குப் போடும்மா" என்றார்கள். போட்டேன். "அறுபது அனுப்பும், இன்னைக்கே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அறுபது என்ன என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊரில் இரண்டு தாணுலிங்கம்! ஒருவர் உப்பு, ஒருவர் உடன்குடிக் கருப்பட்டி. உப்பு மூடை ஏற வேண்டிய தோணியில் அறுபது சிப்பம் கருப்பட்டி ஏறி, நடுக்கடலில் நிற்கிற கப்பல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறது. தோணித்துறைப் பாலம் பூரா எறும்பாம். தோணிக்காரர்கள் ஆளுக்கொரு சில்லு வாயில் போட்டுக்கொண்டு என்னை வாழ்த்தினார்களாம்.

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். சார் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா உங்களை வச்சுக்க முடியாது, செண்பகம்."

அக்டோபர் 14

பலகைக்கு மேலே சார் புது விதி ஒட்டிவிட்டார். பெயர் சொன்னால் இணைப்பு கிடையாது. நம்பர் சொன்னால் மட்டுமே. திங்கள்கிழமை முதல்.

அக்டோபர் 18, திங்கள்

ஐயையோ, காது! ஊரே சேர்ந்து திட்டுகிறது.

"ஏளா, எம் மச்சினங்கிட்ட பேச நம்பர் எதுக்கு? பொறந்ததுலேர்ந்து அவன் பேரு ராஜதுரைதான்!"

கருப்பட்டி தாணுலிங்கம் அண்ணாச்சிக்குத் தன் நம்பரே தெரியவில்லை. "உங்களுக்கு முப்பத்தொண்ணு அண்ணாச்சி" என்றேன். "அறுபது தாண்டிட்டுளா எனக்கு" என்றார்! வயதைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். தனியாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 19

விதி என்று புதுப் பூட்டு போட்டது சரி. அதற்காகப் பழைய சாவி வைத்திருக்கிறவனெல்லாம் திருடனா?

அக்டோபர் 22



மத்தியானம் தோணி ஆபீசிலிருந்து ஒரு கத்தல். ஏசுவடியான் என்று ஒரு தண்டல், தோணியை நடத்துகிறவர். வாழ்க்கையில் முதல் தடவையாக டெலிபோனைப் பிடிக்கிறாராம்.

"வடிவம்மா டாக்டருக்குப் போடு தாயி! தோணிக்கும் கப்பலுக்கும் நடுவுல நம்மாளுக்குக் கை நசுங்கிட்டு!"

நம்பர்? அவருக்கு எங்கே தெரியும்! பின்னால் சார் நிற்கிறார். விதிப்படி நான் வயரை உருவ வேண்டும். மனசு வருமா? வாய் தானாகக் கேட்டது —

"பதினெட்டுதான கேக்கிய?"

"எதுவோ! டாக்டரம்மாவுக்கு!"

"பதினெட்டுன்னு சொல்லுங்க அண்ணாச்சி!"

"பதினெட்டு தாயி, பதினெட்டு!"

போட்டேன்.

"பேரைக் கேட்டுப் போட்டீங்க" என்றார் சார்.

"இல்ல சார், நம்பரைக் கேட்டுத்தான் போட்டேன். நான் சொல்லிக் குடுத்தேன், அவ்வளவுதான்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினால் நான் செண்பகமா? "சார், ஏற்கெனவே போன் வச்சிருக்கவங்க பழக்கத்துல பேரைத்தான் சொல்லுவாங்க. நாம நம்பரைச் சொல்லுவோம், ஆமான்னா போடுவோம். தாணுலிங்கம்னா, உப்பா கருப்பட்டியான்னு கேப்போம். புதுசா போன் வாங்குறவங்களுக்கு மட்டும் மொத நாள்லேர்ந்தே நம்பர்தான். யாரையும் விரட்டவும் வேண்டாம், கருப்பட்டி கப்பலுக்குப் போகவும் வேண்டாம்."

சார் திரும்பி அறைக்குப் போய்விட்டார். போச்சு. சாத்தான்குளம்தான். புடவை மடிக்கத் தொடங்கட்டுமா?

அக்டோபர் 25

மடிக்க வேண்டாம்! விதித்தாள் மாறியிருக்கிறது. நான் சொன்னது அப்படியே, "உப்பா, கருப்பட்டியா எனக் கேட்கவும்" உட்பட! வாசித்துவிட்டு நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினேன். டாக்டரம்மாவும் போனில் சொன்னார்: விரல் ஒன்று போயிற்று, கை பிழைத்துவிட்டது. அழுதேன், சிரித்தேன். பக்கத்து நாற்காலி இசக்கியம்மாள் எனக்குக் கிறுக்கு என்கிறாள்.

நவம்பர் 30

இந்த ஊரை என்ன செய்ய? நம்பரைச் சொல்லிக் கொடுத்தால் நம்பரையே பெயராக்கிவிட்டார்கள். கடைத்தெருவில் ஒருவர் கூப்பிடுகிறார்: "ஏய், முப்பத்தொண்ணு அண்ணாச்சி வாராரு, வழி விடுலே!" கருப்பட்டி தாணுலிங்கத்துக்கு முகமெல்லாம் பல். கடைப் பலகையிலும் எழுதிவிட்டாராம். என்னைப் பார்த்ததும் ஒரு பாட்டம் சிரிப்பு. எனக்குப் பெயர் "நம்பர் பிளீசு."

டிசம்பர் 30

எக்ஸ்சேஞ்சுக்குப் பெரிய பலகை வந்து இறங்கியிருக்கிறது. ஜனவரியிலிருந்து எல்லா நம்பருக்கும் முன்னால் ஓர் ஒன்று. சார் புது விதித்தாளோடு வந்தார். எனக்குத் திக்கென்றது.

"பழைய நம்பரைக் கேட்டாலும் போட்டுடுங்க. போடும்போதே புதுசைச் சொல்லிக் குடுத்துடுங்க" என்றார். இதை நான் கேட்கவேயில்லை! அந்தத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. மூன்று தடவை வாசித்தேன். அப்பாவிடம் சாயங்காலம்தான் சொல்ல வேண்டும், அதுவரைக்கும் எப்படித் தாங்குவேன்?

அதற்குள் மூடி விழுந்தது.

"ஏளா, என்னைய நூத்தி முப்பத்தொண்ணு ஆக்குறியளாமே! இப்பத்தான கடைப் பலகையில எழுதினேன்!"

"எழுதினது இருக்கட்டும் அண்ணாச்சி. நான் இங்கன இருக்கிற வரைக்கும் பழசும் செல்லும்."

"நீ எம்புட்டு நாளைக்குளா இங்கன இருப்ப?"

"நிரந்தரமா, அண்ணாச்சி!"