பிலார் சிஸ்டருக்குத் தக்காளி ரொட்டி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்தே பனிமூட்டம். மடத்து கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடே தெரியவில்லை. நாகலூர் பஸ் லேட். வந்ததும் பால் காய்ச்சி, காய் நறுக்கி, ஓட்டம்தான்.

பிலார் சிஸ்டர் இன்றும் கஞ்சியைத் தொடவில்லை. சேலத்தில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து இதே கதை. இட்லி, குழைந்த சாதம், ரவைக் கஞ்சி, எல்லாம் போன மாதிரியே திரும்பி வருகிறது. பிறந்தது ஸ்பெயினில். நான் பிறப்பதற்கு முன்பே இந்த மலைக்கு வந்துவிட்டார். டிஸ்பென்சரியில் எங்கள் சனத்துக்கு ஊசி போட்டுப் போட்டே வயதானவர். எனக்கும் போட்டிருக்கிறார். கை மெத்தென்று இருக்கும்.

மதியம் மதர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மடத்துக்கு இப்போது அவர்தான் பொறுப்பு.

"சரசு, தலைமை மடத்துல கேக்கறாங்க. இவங்க தேறலைன்னா ஸ்பெயினுக்கே அனுப்பிடலாமான்னு. அங்க வயசான சிஸ்டர்களுக்குன்னு இல்லம் இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் பதில் சொல்லணும்."

"சாப்புட்டாங்கன்னாப் போதுமுங்களா மதர்?"

"சாப்பிட்டாத் தெம்பு வரும். தெம்பு வந்தா நடப்பாங்க. நடந்தா எனக்கும் பேச வாய் இருக்கும். அவங்க கிட்ட எதுவும் சொல்லிடாத."

சரி என்றேன். இத்தனை வருஷமாக இந்த மடத்துக்கே ஆக்கிப் போடுகிறேன். ஒரு கிழவியைச் சாப்பிட வைக்க முடியாதா எனக்கு?

(கிழவி என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.)

நவ. 5, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. மிளகாய் காயப்போட்டேன்.

ஸ்பெயினில் சிஸ்டருக்கு அண்ணன் மகள் ஒருத்தி. மதர் அவளுக்கு வீடியோ கால் போட்டார். பி. சிஸ்டருக்குச் சின்ன வயதில் என்ன பிடிக்கும் என்று நான்தான் கேட்கச் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, மதர் தமிழில் சொல்ல, நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:

– ரொட்டியை மொறுமொறுவென்று வாட்டு
– பச்சைப் பூண்டை மேலே தேய்
– தக்காளியைப் பாதியாக வெட்டி அதையும் தேய்
– ஆலிவ் எண்ணெய், உப்பு

அவ்வளவுதான்.

"தாளிக்கறதில்லீங்களா?" இல்லையாம். "மல்லித்தழை? மிளகுத்தூள்?" இல்லையாம். "தக்காளியவாச்சும் வதக்கோணுமில்லீங்க?" அந்தப் பெண் போனில் பதறிவிட்டாள். வதக்கவே கூடாதாம்.

இதைப் போய் ஒரு பலகாரம் என்று ஒரு நாடே சாப்பிடுகிறது. எனக்கென்ன, செய்துவிடலாம்.

நவ. 6, வியாழன்

ஒண்டிக்கடை பஜாரில் நான் ஏறாத மளிகைக்கடை இல்லை. ஆலிவ் எண்ணெய் கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் கிடைத்தது. சின்ன டப்பா.

"கொழந்தைக்குத் தேய்க்கறதுக்குங்களா அக்கா?"

"ரொட்டிக்குத் தேய்க்கறதுக்கு."

கடைக்காரர் சிரிக்கவில்லை. சாப்பிடவும் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்ததை நன்றாகப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.

சாயங்காலம் வீட்டில் சோதனை. பாக்கெட் ரொட்டி தக்காளி பட்டதும் கூழாகிவிட்டது. பேக்கரியில் வெட்டாமல் வாங்கிய முழு ரொட்டி, அதுவும் நேற்றைய ரொட்டி, கனமாக அறுத்து தோசைக்கல்லில் வாட்டினால் தாங்குகிறது. கடைத் தக்காளி ஆகவே ஆகாது, ரப்பர் பந்து. எங்கள் காட்டில் விளைந்த நாட்டுத் தக்காளிதான் சரி. தேய்க்கத் தேய்க்கச் சாறெல்லாம் ரொட்டிக்குள் இறங்கித் தோல் மட்டும் கையில் நிற்கிறது.

வீட்டுக்காரர் ஒரு துண்டு கடித்துவிட்டு, "ஏம்புள்ள, சமைக்க மறந்துட்டியா?" என்றார். பிறகு இன்னொன்று கேட்டார். அதற்கப்புறம் கை மட்டும் நீண்டுகொண்டே இருந்தது.

பூண்டை லேசாகத் தேய்த்தால் போதும். எனக்குப் பிடிபட்டுவிட்டது. நாளைக்கு பி. சிஸ்டர் தட்டு காலி.

நவ. 7, வெள்ளி

காலி ஆகவில்லை.

கொண்டுபோய் வைத்தேன். தட்டைப் பார்த்தார். குனிந்து மோந்தார். முகம் மலரும் என்று நின்றுகொண்டிருக்கிறேன், தட்டைத் தள்ளிவிட்டார்.

"அப்ப முடிவு பண்ணிட்டீங்க."

"என்னங்க சிஸ்டர்?"

"என்னைய அனுப்பறதுக்கு. எங்கம்மா சுட்டுக் குடுக்கற ரொட்டி இது. இந்த ஊருக்கு வந்த நாளா ஒருக்காவாச்சும் வேணும்னு கேட்டிருப்பனா? இப்ப எதுக்குக் கொண்டாந்து வெக்கற? வழியனுப்பத்தான?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. சமையலறைக்கு வந்து, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். கண் எரிந்தது. பொய் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்லிவிட்டுப் போடுகிற ஆள் அவர். அவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

திரும்பப் போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஆமாங்க சிஸ்டர். அனுப்பறதப் பத்திப் பேச்சு நடக்குதுங்க. நீங்க இப்படியே சாப்புடாமக் கெடந்தீங்கன்னா அனுப்பித்தான் போடுவாங்க. அனுப்பக் கூடாதுன்னுதான் நான் இதச் செஞ்சேன்."

போர்வையைத் தோள் வரை இழுத்துக்கொண்டார்.

"தக்காளி எங்க காட்டுது. ரொட்டி ஒண்டிக்கடை பேக்கரிது. பூண்டு சந்தையில வாங்குனது. இதுல ஸ்பெயின் எங்கீங்க இருக்குது?"

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "எண்ணெ?"

"மெடிக்கல் ஷாப்புதுங்க."

தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிப்பு! ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் சிரிக்கிறார்.

பாதித் துண்டு சாப்பிட்டார். கண்ணை மூடி, மெதுவாக. "உப்புப் பத்தல சாமி" என்றார்.

பத்தத்தான் செய்தது. விட்டுக்கொடுத்தேன்.

நவ. 8, சனி

பி. சிஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டதை மதரிடம் நானே போய்ச் சொன்னேன். "யாரு சொல்லச் சொன்னாங்க உன்ன?" என்று கோபம். "யாரும் சொல்லலீங்க. அவங்களப் பத்துன பேச்சு, அவங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?" என்றேன். மதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு எழுந்து பி. சிஸ்டர் அறைக்குப் போனார். கதவு சாத்தியே இருந்தது. அப்புறம் இரண்டு பேருக்கும் காபி கேட்டு ஆள் வந்தது.

காலை: தக்காளி ரொட்டி, ஒரு முழுத் துண்டு.
மதியம்: ரசம் சோறு. அவராகவே கேட்டது!
சாயங்காலம்: பால்.

வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தார். நான் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனேன். "கைய எடு கண்ணு. கூச்சமா இருக்குது" என்று அதட்டல். குரல் பழைய டிஸ்பென்சரிக் குரல்.

கேஸ் புக் பண்ண வேண்டும். மறந்தே போனேன்.

நவ. 9, ஞாயிறு

பூசைக்கு வந்தவர்கள் போன பிறகு மழை. தகரத்தில் ஒரே சத்தம்.

மதர் தலைமை மடத்துக்குப் பேசிவிட்டார். கிறிஸ்துமஸ் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். கிறிஸ்துமஸுக்குள் நான் அவரைச் சமையலறை வரைக்கும் நடக்க வைத்துவிடுவேன். அதற்கப்புறம் யார் அனுப்புகிறார்கள் என்று பார்க்கிறேன்.

பிறகு அண்ணன் மகளிடமிருந்து வீடியோ கால். மதர் போனைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் மளமளவென்று அவர்கள் பாஷையில் பேசினார். அந்தப் பெண் என்னவோ கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டாள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லிவிடுவாரோ?

அப்போது சொன்னார்: "இல்ல கண்ணு. நான் அங்க வரல. எனக்கு இங்க நொம்ப வேல கெடக்குது."

அந்தப் பெண் விழித்தாள். மதர் போனோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தமிழில் சொன்னதே சிஸ்டருக்கு அப்புறம்தான் உறைத்தது. "அட" என்றார். திரும்ப ஒருமுறை அவர்கள் பாஷையில், மெதுவாக, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

அதுவும் எனக்குப் புரிந்தது.