நிழலில் உலர்ந்த அவரைக்காய் குறித்து மஞ்சடை மலையரசருக்கு

“இன்னும் பச்சையாவே இருக்கே, இதையா காய்ஞ்சு போச்சுங்கிறே?”

“அத்தை, ஒண்ணை எடுத்து ஒடிச்சுப் பாருங்க, அப்பத்தான்...”

“எதுக்கு ஒடிக்கணும்? எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?”

“சத்தத்திலதான் தெரியும் அத்தை, எங்க மலையிலே...”

“உங்க மலையிலே குரங்கும் பச்சையாத்தான் தின்னும்!”

மங்கலம் பெருகுக. மேகம் தங்கிச் செல்லும் மஞ்சடை மலைநாட்டின் அதிபதியும், தேனும் தினையும் குன்றாத குன்றுகளின் காவலருமாகிய பூதவரையர் திருமுன்புக்கு, தண்பொழில் நாட்டு மன்னரின் அன்னை அரசமாதேவி உமைநங்கையார் சொல்ல, ஓலைநாயகம் வெண்காடர் எழுதியது. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் குடிகள் நோயின்றி வாழ்க. வாழ்த்துக்கு முன்னே வழக்கை வைப்பது முறையன்று என்று ஓலைநாயகம் விண்ணப்பித்தும், “நானும் அவளும் பேசினது பேசினபடி மேலே நிக்கட்டும்” என்று தேவியார் கட்டளையிட்டமையால் அவ்வாறே பொறிக்கப்பட்டது. தங்கள் திருமகளும் எம் மன்னரின் பட்டத்தரசியுமாகிய அலரி நாச்சியார், கோடையில் பிறந்தகம் திரும்பிய காரணத்தை அங்கே வாய் திறந்து சொல்லியிருக்கமாட்டார் என்பது தேவியார்க்குத் தெரியும். ஆதலால் தாமே சொல்லத் துணிந்தார்.

புது மருமகள் முதற்கோடையில் தன் கையால் பதப்படுத்திய அவரைக்காயே அந்த மழைக்காலம் முழுதும் அரண்மனைப் பந்திக்கு வரவேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். நாச்சியார் காய்களுக்கு நாருரித்து, கொதிநீரில் ஒரு முக்கு முக்கியெடுத்து, குளிர்நீரில் இட்டு, ஈரம் போகத் துடைத்து, காற்றோடும் மண்டபத்து நிழலில் துணிவிரித்துப் பரப்பினார். சமவெளியிலோ உப்புமோரில் வேகவைத்து, கொளுத்தும் வெயிலில் கறுக்கக் காயவைத்தால்தான் அதற்கு வற்றல் என்று பெயர். கறுக்காத காய் காயாத காய் என்றே தேவியார் ஆயுள் முழுதும் நம்பியிருந்தார். பந்தியில் அழுகல் வந்தால் ஊர் தம் மருமகளை அல்லவா ஏசும் என்ற அச்சமும் அவர்க்கு இருந்தது; அதை அச்சமென்று சொல்ல மட்டும் நா எழவில்லை.

“இது எங்கப்பா சொல்லிக் கொடுத்தது, அத்தை” என்றார் நாச்சியார்.

“அதானே பார்த்தேன். ஆம்பளை வளர்த்த பொண்ணுக்கு அடுப்படி எங்கே தெரியப் போகுது?”

தாயற்ற மகளைத் தாங்களே தோளிலும் மடியிலும் போட்டு வளர்த்ததை அறிந்திருந்தும் தேவியார் இதைச் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், உப்புமோரைக் குடத்தோடு கொண்டுவரச் செய்து அத்தனை காயின்மேலும் ஊற்றி, முற்றத்தில் வாரிப் போடுவித்தார். உலர்ந்திருந்த காய் மோரைக் குடித்து ஊதிப் பருத்தது. பொழுது சாய்வதற்குள் வானம் மூடிக்கொண்டது. மறுநாளும் வெயில் முகம் காட்டவில்லை. புளித்த வாடை எழுந்து, வெண்பூசணம் படர்ந்து, குவியல் முழுதும் எருக்குழிக்குப் போயிற்று. நாச்சியார் மாமியாரின் காலைத் தொட்டு வணங்கிப் பல்லக்கேறினார்.

மழை பிடித்தபின், நாச்சியாரின் அறை ஒழுகுகிறதா என்று பார்க்கப்போன தேவியார், உத்தரத்தில் நாச்சியார் முன்னமே கட்டித் தொங்கவிட்டிருந்த சிறு துணிப்பையைக் கண்டார். குலுக்கினார்; உள்ளே கலகலவென்றது. ஒன்றை எடுத்து ஒடித்தார்; சுள்ளிபோல் முறிந்தது. மிச்சத்தைத் தாமே வெந்நீரில் இட, அப்போதுதான் பறித்தாற்போல் பச்சையாய் விரிந்தது.

“இந்த அடைமழையிலே பிஞ்சு அவரை ஏதும்மா?” என்று மன்னர் கேட்டார். இன்னும் கொஞ்சம் வை என்று இலையையும் நகர்த்தினார். தேவியார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று அவர் உண்ணவில்லை.

ஆகவே ஆணை: இனி இந்நாட்டு மடைப்பள்ளியில் அவரை நிழலிலும் உலர்த்தப்படுக; அம்முறைக்குப் பூதவரையர் பக்குவம் என்றே பெயர் வழங்குக; மழைதோறும் முதற்கவளம் உண்பார் அப்பெயரைச் சொல்லி உண்க. இது தேவியாரின் கைம்மோதிர முத்திரை.

அரக்கு ஆறுமுன் தேவியார் ஓலையைத் திரும்ப வாங்கி, தங்கள் திருமகளின் முகம் பார்த்து வாசிக்கச் சொல்லி இதையும் எழுதுவித்தார்:

“அலரி, மழை விட்டுடுச்சு, கொடியிலே காய் முத்திக்கிட்டு நிக்குது, ஒருத்தரையும் பறிக்க விடலை. நீ வருவியாடி?”