பிரிட்டாவின் உடற்கூறியல் மதிப்பெண் குறித்து

அனுப்புநர்
மார்லிஸ் ஹாகன்,
(மாணவி பிரிட்டா ஹாகனின் தாய்)
அஞ்சல் பெட்டி 38,
ஆல்ம் க்ரீக், வடக்கு டகோட்டா.

பெறுநர்
முதல்வர் அவர்கள்,
கிரேன் ரிவர் சமூகக் கல்லூரி,
கிரேன் ரிவர், வடக்கு டகோட்டா.

பொருள்: பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுத்த என் மகள், இடையில் விட்ட பாடத்தில் பதிவாகியுள்ள 'தோல்வி'யை 'விலகல்' என மாற்றித் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். யாரிடம் முறையிடுவது என்று கடைசி வரை எனக்கு யாரும் தெளிவாகச் சொல்லாததால் இம்மனுவைத் தங்களுக்கே எழுதுகிறேன்.

1. என் மகள் பிரிட்டாவுக்கு வயது பதினேழு. ஆல்ம் க்ரீக் உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆகஸ்டில் தங்கள் கல்லூரியின் உடற்கூறியல் பாடத்தில் சேர்ந்தாள். எங்கள் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்தபடியே திரையில் பார்த்துப் படிக்கும் வகுப்பு அது. செவிலியர் படிப்பில் சேர அது உதவும் என்று அவளே விசாரித்து வந்து சொன்னாள். எலும்புகளின் பெயர்களை எழுதி ஃப்ரிட்ஜ் முழுக்க ஒட்டி வைத்தாள். பால் எடுக்கப் போனால்கூட முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் தேர்வில் வகுப்பிலேயே அவள்தான் முதல்.

2. அக்டோபரில் எங்கள் பக்கம் சர்க்கரை ஆலைக்கான பீட் கிழங்கைத் தோண்டும் காலம். மண் உறைவதற்குள் கிழங்கை எடுத்தாக வேண்டும், ஆகவே இரவு பகல் பார்க்க முடியாது. பள்ளியில் பெரிய பிள்ளைகள் பாதிப் பேர் அந்த நாட்களில் இருக்க மாட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. என் கணவர் லோவெல் ஏணியிலிருந்து விழுந்து தோளை உடைத்துக்கொண்டதால், தோண்டும் எந்திரத்துக்கு முன்னால் இலை சீவிக்கொண்டு போகும் டிராக்டரைப் பிரிட்டாதான் ஓட்டினாள். பள்ளி அலுவலகத்தில் வழக்கம்போல ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். கல்லூரிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பு நடந்தது எங்கள் பள்ளிக் கட்டடத்தில்தானே? அவள் திரும்பிப் போவதற்குள் இரண்டு தேர்வுகள் முடிந்துவிட்டன.

3. விட்டதைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் பாடத்திலிருந்து விலகிக்கொள்ள முடிவு செய்தோம். நான் அந்தப் பள்ளிச் சமையலறையில்தான் வேலை செய்கிறேன். பள்ளி ஆலோசகர் திரு. டெரில் நார்பி தினமும் மத்தியானம் என் கையால் சாப்பிடுகிறவர். அவர் தட்டை நீட்டியபோது விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அதே இடத்தில் நின்று, "பேர எடுத்தாச்சு மார்லிஸ், இனி அதப் பத்தி நெனைக்காதீங்க" என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் எழுதி வாங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த பள்ளி மதிப்பெண் அட்டையிலும் அந்தப் பாடம் இல்லை. நானும் நினைக்காமல் இருந்தேன்.

4. மார்ச்சில், தங்கள் கல்லூரியின் செவிலியர் படிப்பில் அவளுக்கு இடமில்லை என்று பதில் வந்தது. காரணம், உடற்கூறியலில் தோல்வி. திரு. நார்பி பெயரை எடுத்தது பள்ளி அட்டவணையிலிருந்து மட்டும்தானாம். கல்லூரியில் அது அப்படியே இருந்திருக்கிறது. கேட்டதற்கு, "எங்க பக்கம் எடுத்தாச்சுன்னுதானே சொன்னேன்" என்கிறார். இப்போது அவர் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டு வருகிறார். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குப் பல எச்சரிக்கைகள் அனுப்பியதாகத் தங்கள் அலுவலகம் பிரிட்டாவிடம் சொன்னது. விலகிவிட்டோம் என்று நம்பியிருந்தவள் அதை எதற்காகத் திறந்து பார்க்கப் போகிறாள்?

5. தங்கள் பதிவு அலுவலகத்துக்கு நான் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க பொண்ணு இங்க படிக்கிறாங்களா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாதுங்கம்மா" என்றார். கல்லூரிப் பாடத்தில் சேர்ந்த அன்றே அவள் கல்லூரி மாணவி ஆகிவிட்டாளாம், தாயானாலும் எனக்கு எதுவும் தெரியக் கூடாதாம். சரி என்று பிரிட்டாவையே பேசச் சொன்னேன். விலகல் கோரிக்கை பள்ளி மூலமாக வர வேண்டும் என்றார்கள். பள்ளியோ அது கல்லூரி விவகாரம் என்று கையை விரித்துவிட்டது. மறுபடி பேசியபோது, தாயிடம் பேசலாம் என்று மாணவி எழுத்தில் அனுமதி தர வேண்டும், ஆனால் அவளுக்குப் பதினெட்டு ஆகாததால் அந்த அனுமதியில் தாய் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். நான் சிரித்துவிட்டேன். மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மையீர், பல் பிடுங்கவும், பள்ளிச் சுற்றுலா போகவும் நான் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும் பெண் இவள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த எலும்புகளையெல்லாம் போன வாரம் அவளே உரித்துப் போட்டுவிட்டாள். "விடும்மா, சர்க்கரை ஆலைல எப்பவும் ஆள் எடுத்துக்கிட்டேதான இருக்காங்க" என்றாள். சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும்.

6. தவறு யாருடையது என்று நான் சண்டைக்கு வரவில்லை. என்னுடையது என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவளை டிராக்டரில் ஏற்றியது நான்தான். அவள் பெயருக்கு நேராக மட்டும் எழுதாதீர்கள். தேர்ச்சி போடுங்கள் என்று கேட்கவில்லை. தோல்வியை விலகல் என்று மாற்றி, செவிலியர் படிப்புக்கான அவள் விண்ணப்பத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டுகிறேன். மே மாதம் பிறப்பதற்குள் இடங்கள் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதன் பிறகு வரும் எந்தப் பதிலும் எங்களுக்கு உதவாது.

மனுவை ஏற்க முடியாது என்றால் அதையாவது தெரிவியுங்கள். என்னிடம் சொல்வதற்குத் தடை ஏதும் இருக்கக் கூடாது என்பதால், தங்கள் அலுவலகம் கேட்டபடி கீழே இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இடம்: ஆல்ம் க்ரீக்
நாள்: ஏப்ரல் 14

பணிவுடன்,
மார்லிஸ் ஹாகன்

மேலே உள்ளதைப் படித்தேன். என் மதிப்பெண் பற்றி என் அம்மாவிடம் பேச அனுமதி அளிக்கிறேன்.
(ஒப்பம்) பிரிட்டா ஹாகன், மாணவி

மேற்படி மாணவிக்குப் பதினெட்டு வயது நிரம்பாததால், அவர் தம் தாயாகிய எனக்கு அளிக்கும் அனுமதிக்கு, அவருடைய தாய் என்ற முறையில் நான் அனுமதி அளிக்கிறேன்.
(ஒப்பம்) மார்லிஸ் ஹாகன், தாய்