அம்மா ஏறும் படிகள்

அம்மா,

சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன். மதியம் நம் இத்தாலிப் பயண விஷயமாக டிராவல்ஸ்காரர் வருவார்.

நேற்று அத்தை வீட்டார் முன்னால், "இத்தாலியில எங்க பாத்தாலும் படிதான். அம்மாவால முடியாது, ரோம்ல பஸ்ல சுத்திக் காட்டினா போதும்" என்று சொல்லிவிட்டேன். நீ சிரித்துச் சமாளித்தாய்.

இப்போது வேலைக்குக் கிளம்பும்போது கீழ்வீட்டு டாக்டர் என்னை நிறுத்தி, "உங்கம்மா தினமும் அஞ்சு மாடி ஏறி இறங்குறாங்களே. ஃப்ளாரன்ஸ்ல கோபுரம் ஏறணுமாம், பொண்ணுக்குப் பாரமா இருக்கக் கூடாதாம்" என்றார். கூனிக்குறுகிப் போய்த் திரும்பி வந்தேன். நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். முகம் பார்த்துப் பேசத் தைரியமில்லை.

டிராவல்ஸ்காரரிடம் நீயே பேசு. ஃப்ளாரன்ஸ், வெனிஸ், எல்லாம் உன் இஷ்டம்.

பி.கு.: என் சாவியை வேண்டுமென்றேதான் விட்டுப் போகிறேன். சாயங்காலம் நீ வந்து கதவைத் திற; உன் முகம் பார்க்காமல் நான் உள்ளே நுழைந்துவிடக் கூடாது.