கொக்கிச் சத்தம்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நான் நலம். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஸ்பீக்கரில் போடாமல் அப்பா ஒரு போனாவது பேசியிருக்கிறாரா? பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம், பின்சீட் வரைக்கும் கேட்க வேண்டும் அவருக்கு. இது உனக்கு மட்டும். அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு எழுதுகிறேன்.

இந்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் என் வேலை லென்ஸுக்குக் குறி வைப்பது. வலதுக்கு ஒரு புள்ளி, இடதுக்கு இரண்டு. அதைப் பார்த்து ஃபிட்டர் அண்ணன் பிரேமில் பொருத்துவார், பிறகு புள்ளிகளைத் துடைத்துவிடுவார். போன மாதம் ஒரு பிரேமை என் முகத்துக்கு எதிரே வைத்துக்கொண்டு குறி வைத்தேன். எதிரே இருப்பவரின் வலது எனக்கு இடது என்பது அந்த ஐந்து நிமிஷம் என் மண்டையில் உறைக்கவில்லை, லென்ஸ் இரண்டும் இடம் மாறிப்போயின.

அதை வாங்கிப் போனவர் ஒரு தையல்காரப் பெண்மணி. “ஊசியில நூல் கோக்க முடியல. கண்ணே போயிடுச்சுன்னு ஆறு நாளா அழுதேன்” என்று வந்து நின்றார். புள்ளிகளோ துடைத்தாகிவிட்டது. பழி முழுக்க ஃபிட்டர் அண்ணன் தலையில். பதினோரு வருஷக் கை அது. அவரைப் பார்சல் கட்ட அனுப்பிவிட்டார் மேனேஜர்.

கொடுமை என்ன தெரியுமா? தன் மேல்தான் தப்பு என்று அவரே நம்பிவிட்டார். “எனக்குத்தான் கை தப்பிடுச்சு போலம்மா” என்றார். நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன் அக்கா.

என்ன செய்யட்டும், சொல்.

உன் வாலு

மார்ச் 9

அடி வாலு,

வாயைத் திறக்காதே. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவர் பழைய ஆள், இரண்டு மாதத்தில் தானாகவே திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள். உன்னை அனுப்பிவிட்டால் அப்பா தாங்குவாரா? பக்கத்து வீட்டு நாற்காலி மேஜைக்கெல்லாம் உன் பெருமை தெரியும்.

பக்கத்தில் இருந்தால் எப்போதும்போல நான் பார்த்துக்கொள்வேன். நீ என்னவோ என் கைக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

இங்கே பதிவு கவுண்டரில் கூட்டம் நெரிகிறது. அப்பாவுக்கு இருமல் தேவலை. காலையில் நான் கிளம்பினால் பின்னாலேயே வந்து கேட் கொக்கியை இழுத்துப் பார்ப்பது மட்டும் மாறவில்லை. அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆறு வருஷமாகிவிட்டது, பழகியும்விட்டது.

தலைக்கு எண்ணெய் வை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 17

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். திட்டுவதை இந்தக் கடிதத்தை முடித்த பிறகு வைத்துக்கொள்.

மேனேஜர் அறைக்குப் போய் “நான்தான் சார்” என்றேன். அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு மாதம் ஆகும். தையல்காரம்மா வீட்டுக்கு நானே புதுக் கண்ணாடியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். போட்டுப் பார்த்துவிட்டு, என் சட்டையில் பிய்ந்து தொங்கிய பொத்தானைத் தைத்துவிட்டுத்தான் அனுப்பினார்.

ஃபிட்டர் அண்ணன் மேஜைக்குத் திரும்பிவிட்டார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், “முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா நான் கண் டாக்டர்கிட்ட போயிருக்க மாட்டேன்ல?” என்றார். போய் வந்திருக்கிறார் அக்கா. தன் கண்ணையே சந்தேகப்பட்டு.

“நான்தான்” என்று சொல்ல எனக்கு இருபத்தியொரு வயதாகியிருக்கிறது. அம்மா போன பிறகு வீட்டில் எது உடைந்தாலும் நீ முந்திக்கொள்வாய், எனக்கு அதைச் சொல்லிப் பழக்கமே இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் சொல்கிறேன்தான்.

நம் கறுப்பி செத்த விஷயத்துக்கு வருகிறேன். அன்று டியூஷனுக்கு ஓடிய அவசரத்தில் கேட் கொக்கியைப் போடாமல் போனது நான். தெருமுனையில் அப்பா பஸ்ஸின் ஹாரன் கேட்டாலே குதிக்கிற நாய், அன்றும் எதையோ கேட்டு ஓடி, லாரியில் மாட்டிக்கொண்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து “யாரு கடைசியா போனது?” என்று அப்பா கேட்டார். நான் எச்சில் விழுங்குவதற்குள் நீ “நான்தாம்பா” என்றாய்.

அன்றிலிருந்து அவர் உன்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் ஆறு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு அப்பாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு.

உன் வாலு

மார்ச் 24

வாலு,

கொடுக்கவில்லை. பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

உன் பேச்சை எடுத்தால்தான் அந்த மனிதர் முகத்தில் சிரிப்பு வருகிறது. அதையும் பிடுங்கச் சொல்கிறாயா? உனக்கு அப்போது பதினைந்து வயது. நாய்க்காக அழுவாயா, அப்பாவுக்குப் பயப்படுவாயா? நான் பெரியவள், தாங்குவேன் என்று சொன்னேன். தாங்கியும்விட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு நடந்ததைத் திடீரென்று கீழே வை என்றால் எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பட்டறை விஷயத்தில் நீ செய்தது சரி. நான் சொன்னது தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

அப்பா என்னிடம் சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பில் பாதி உன்னுடையது. போனில் அவர் “என் தங்கம்” என்னும்போதெல்லாம் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்கிறேன். நீ தாங்குகிறாய், சரி. என்னால் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் நானே போன் செய்து சொல்லிவிடுவேன். ஸ்பீக்கரில்தானே போடுவார், நீயும் கேட்டுக்கொள்.

வாலு

ஏப்ரல் 6

என் வாலுக்கு,

வியாழக்கிழமை கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். அன்றைக்கும் மறுநாளும் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோனார். உன்னை மனதாரத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் எப்போதும்போலக் கிளம்பினேன். கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன், வழக்கம்போல இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் நடந்தேன். சத்தம் வரவில்லை.

அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். வாசல்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் தூக்கி, பஸ்ஸை எடுக்கச் சொல்வதுபோல, போ போ என்று ஆட்டினார்.

நான் நடுத்தெருவில் நின்று அழுதேனடி. பஸ்ஸைத் தவறவிட்டேன், கவுண்டர் திறக்க இருபது நிமிஷம் தாமதம். யாரால் லேட் என்று கேட்டார்கள். “நான்தான், வேணும்னேதான்” என்றேன்.

சாயங்காலம் ஒரு தாளை நீட்டி, உனக்கு அனுப்பச் சொன்னார். உறையில் போட்டு ஒட்டாமல்தான் கொடுத்தார், நான் படிக்கட்டும் என்று. படித்துவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்கா

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய்.

பெரியவளிடம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆறு வருஷம் அவள் முதுகுக்குப் பின்னால் அந்தக் கொக்கியை இழுத்திருக்கிறேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அதனால் முதலில் உனக்கு எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

நீ லீவுக்கு வரும்போது உன் பின்னால்தான் வருவேன். போகும்போதும் வரும்போதும் இழுத்துப் பார்ப்பேன். சீக்கிரம் வா.

அப்பா