விரிக்காத மேசைத்துணி

அன்புள்ள யூசுப் அண்ணனுக்கு,

தமிழ் படிக்கத் தெரியாத உங்களுக்குத் தமிழில்தான் எழுதுகிறேன். என் அலுப்பை வேறு மொழியில் சொல்ல வரவில்லை, அண்ணே. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் வந்துவிட்டார்கள். அதே தோஹா, அதே ஓட்டல், அதே கறுப்புக் கார்கள். இரண்டாம் மாடியில் இஸ்ரேல்காரர்கள், நான்காம் மாடியில் உங்கள் பாலஸ்தீனர்கள். நடுவில் சமரசம் பேசுகிறவர்கள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு லிப்டில் ஏறி இறங்குகிறார்கள். கூடவே நான் டீ டிராலியைத் தள்ளிக்கொண்டு அலைகிறேன். முட்டி விட்டுப்போச்சு.

முதல் தடவை நான் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? பேச்சுவார்த்தை என்றால் எங்கள் ஊரில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது. பெரிய ஹாலில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டுவிட்டேன். இவர்கள் ஒரே அறையில் உட்காரவே மாட்டார்கள் என்று பாதுகாப்பு அதிகாரி காட்டுக் கத்தல் கத்தினார். எனக்கு மேலே பொறுப்பில் இருந்த நீங்கள்தான் பழியை ஏற்றுக்கொண்டு துணியை மடித்தீர்கள்.

"இன்னைக்கு இல்ல, தம்பி. ஒருநாள் இதையேதான் விரிப்போம்" என்று உங்கள் அரைகுறை இந்தியில் சொன்னீர்கள். அதில் 'தம்பி' மட்டும் தமிழ். அதுவும் 'சாப்டியா'வும்தானே உங்களுக்குத் தெரியும்?

அன்றிலிருந்து ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் அந்தத் துணியை இஸ்திரி போட்டு வைப்பது உங்கள் வழக்கமானது. கையெழுத்தானால் காசாவின் எல்லை திறக்கும், மகள் மரியம் பேத்தியின் காலுக்கு வைத்தியம் பார்க்க வெளியே வருவாள் என்று காத்திருந்தீர்கள். போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், இந்த ஊர் மண்ணிலேயே படுத்துவிட்டீர்கள். இஸ்திரி வேலை என் தலையில் விழுந்தது.

நேற்று லாண்டரி முருகன் துணியைக் கொண்டுவந்து காட்டினான். மடிப்பிலேயே கிழிந்திருக்கிறது.

"அண்ணே, இதுல ஒரு டீக்கறைகூடப் பட்டதில்ல. இஸ்திரி போட்டுப் போட்டே நைஞ்சு போச்சு. மேனேஜர் கலாஸ், இதோட கதை முடிஞ்சுதுன்னுட்டாரு. தூக்கிப் போட்டுரவா?"

எனக்கு வந்ததே கோபம்! "அதுல கைய வச்ச, தெரியும் சேதி" என்று பிடுங்கிக்கொண்டேன். பாவம், அவன் என்ன செய்வான்? யார்மேல் காட்டவேண்டிய கோபமோ, அவன்மேல் விழுந்தது.

டியூட்டி முடிந்து ரூமில் உட்கார்ந்து கிழிசலைத் தைத்தேன். அப்போதுதான் மரியத்தின் குரல் போனில் வந்தது. பிள்ளையின் கால் மறுபடி வீங்கியிருக்கிறதாம். "சித்தப்பா, துணி விரிச்சாச்சா?" என்று அரபியில் கேட்டாள். காகிதம் இன்னும் லிப்டில்தானே இருக்கிறது? நீங்கள் சொன்னதையே சொன்னேன். இன்றைக்கு இல்லை.

பிறகு மரியம், தமிழில்:

"தம்பி, சாப்டியா?"

எப்போது அண்ணே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? கூடாரத்தில் இருந்துகொண்டு, ஒரு ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறவள் என்னைக் கேட்கிறாள். என் முன்னால் பிரியாணிப் பொட்டலம் இருந்தது. சாப்பிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அழுதுவிட்டேன்.

துணியைத் தூக்கிப்போட மாட்டேன். நாளைக்கும் இஸ்திரிக்கு அனுப்புவேன், முருகன் என்னைத் திட்டினாலும் சரி. விரிக்கிற அன்றைக்கு அந்தத் தையலை மறைக்கவும் மாட்டேன், வந்தவர்கள் பார்க்கட்டும். முதல் சேதி மரியத்துக்குத்தான். அவள் கேட்டதற்கும் அன்றைக்குப் பதில் சொல்கிறேன்.

இன்னும் சாப்பிடாத,
உங்கள் தம்பி செல்வம்